கோடி கோடியா சம்பாதிச்ச ஆட்டக்காரங்க ஏன் பழைய பேஸ்பால் கார்டு பின்னாடி அலையுறாங்க?

நரேன்_எடிசன்:

மக்களே ஒரு டவுட்டு. பேஸ்பால் நான் பாக்க ஆரம்பிச்சதே அமெரிக்கா வந்த அப்புறம்தான், ஆட்டம் ஓரளவு பிடிபட்டுடுச்சு, ஆனா இந்த கார்டு சமாச்சாரம் மட்டும் சுத்தமா விளங்கல. 2022 ஆகஸ்ட்ல மிக்கி மேன்டில்ங்கற பழைய ஆட்டக்காரரோட கார்டு ஒண்ணு, 1952ல டாப்ஸ்ங்கற கம்பெனி போட்டது, 1.26 கோடி டாலருக்கு ஏலம் போச்சே, அட்டைங்க அது, பபிள்கம்மோட சேத்து சின்னப் பசங்களுக்கு சில்லறைக்கு வித்த அட்டை.

சரி பணம் கொழுத்த ரசிகன் எவனோ வாங்குறான்னு விட்டுடலாம். ஆனா கொஞ்சம் தேடிப் பாத்தா வாங்குறவங்க விக்கிறவங்க வரிசையில ஆட்டக்காரங்க பேரே வருது. ஹாக்கி ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கி, அமெரிக்கன் ஃபுட்பால்ல சூப்பர் பவுல் ஜெயிச்ச ஒருத்தர், பேஸ்பால்லயே சில பேர். எனக்கு இடிக்கிறது இதுதான், தானே களத்துல ஆடுறவன், தன் மூஞ்சியே கார்டுல வருது, அவன் ஏன் செத்துப்போன இன்னொரு ஆட்டக்காரன் மூஞ்சிக்கு இத்தனை லட்சம் டாலர் கொட்டுறான்? நெசமாவே ஆசையா, முதலீடா, இல்ல வரி கிரி எதாவது உள்குத்தா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, நீளமா இருந்தாலும் பரவால்ல.

பழையபேப்பர்:

நரேன் ப்ரோ, கிரெட்ஸ்கி கதையில இருந்துதான் ஆரம்பிக்கணும். நீளம் பரவால்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்னை திட்டாதீங்க.

டி206 னு ஒரு செட் இருக்கு. 1909ல இருந்து 1911 வரைக்கும் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வெச்சு குடுத்தது. ஒன்றரை இன்ச் அகலம் கூட வராது, உள்ளங்கையில வெச்சா மூடிடலாம். 500க்கும் மேல கார்டு அந்த செட்ல. அதுல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஷார்ட்ஸ்டாப் ஹோனஸ் வாக்னர் கார்டை மட்டும் சீக்கிரமே நிறுத்திட்டாங்க, காரணம் அவர் சம்மதிக்கல. இதுல ஒரு அழகான கதை உண்டு, 1912ல ஸ்போர்ட்டிங் நியூஸ்ல வந்தது. ஜான் க்ரூபர்னு பிட்ஸ்பர்க் பத்திரிகைக்காரர் ஒருத்தர், வாக்னர்கிட்ட அனுமதி வாங்கிக் குடுத்தா அவருக்கு 10 டாலர்னு கம்பெனி சொல்லியிருக்கு. அவர் வாக்னருக்கு லெட்டர் போட, வாக்னர் "முடியாது"ன்னு பதில் எழுதி, உங்களுக்கு வரவேண்டிய காசு என்னால போகவேணாம்னு 10 டாலருக்கு தானே ஒரு செக்கும் வெச்சு அனுப்பிட்டார். சின்னப் பசங்க கார்டுக்காக சிகரெட் வாங்கிடக்கூடாதுன்னு அவர் நெனச்சார்னு ஒரு கோஷ்டி சொல்லும், தன் படத்துக்கு ஒழுங்கா காசு தரலன்னு கோவம்னு இன்னொரு கோஷ்டி. மனுஷன் புகையிலை மெல்றவர், சுருட்டு லேபிள்ல கூட மூஞ்சி வந்திருக்கு, அதனால முதல் கோஷ்டிய முழுசா நம்ப எனக்கு மனசு வரமாட்டேங்குது.

எப்படியோ, இன்னிக்கு உலகத்துல இருக்குறதா தெரிஞ்சது ஐம்பதுல இருந்து அறுபதுக்குள்ளதான். அதுல பாதி மடிஞ்சு கிழிஞ்சு கறை பட்டது. ஒண்ணே ஒண்ணு மட்டும் நேத்து அச்சடிச்ச மாதிரி மூலையெல்லாம் கூரா இருந்துச்சு. 1985ல பில் மாஸ்ட்ரோன்னு ஒரு கார்டு வியாபாரி அதை 25,000 டாலருக்கு வாங்கினார், ரெண்டு வருஷத்துல 1,10,000க்கு கை மாத்திட்டார், 1991ல அது சோத்பிஸ் ஏலத்துக்கு வந்துச்சு.

இங்கதான் நம்ம கிரெட்ஸ்கி. அப்ப அவர் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ்ல ஆடிட்டு இருந்தார். கிங்ஸ் ஓனர் ப்ரூஸ் மெக்னால், பழங்கால நாணய வியாபாரத்துல மேல வந்த ஆளு, அபூர்வமான பொருள்னா எச்சில் ஊறும். இவங்க ரெண்டு பேரும் ஓனர், ப்ளேயர்ங்கறத தாண்டி கூட்டாளிங்க, பந்தயக் குதிரை சேந்து வாங்குவாங்க, அதே 1991ல நடிகர் ஜான் கேண்டியையும் சேத்துக்கிட்டு டொராண்டோ ஆர்கோநாட்ஸ்ங்கற கனடா ஃபுட்பால் டீமையே வாங்கினாங்க. அந்த ஜோர்ல இந்த கார்டையும் 4,51,000 டாலருக்கு தூக்கிட்டாங்க. பேஸ்பால் கார்டுக்கு இவ்ளோ காசான்னு ஊரே வாயப் பொளந்துச்சு.

அப்புறம் மெக்னால் கதை கந்தலாயிடுச்சு, பேங்குகளை 23 கோடி டாலருக்கு மேல ஏமாத்தினதா 1994ல குற்றத்தை ஒத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போனார். கார்டுல அவர் பங்கையும் கிரெட்ஸ்கியே வாங்கிட்டு, 1995ல 5 லட்சம் டாலருக்கு வித்துட்டார். வாங்கினது யாரு தெரியுமா, வால்மார்ட்டும் ஒரு கார்டு கம்பெனியும் சேந்து, குலுக்கல் பரிசா வெக்க! பரிசு விழுந்தது ஃப்ளோரிடாவுல தபால் ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரு அம்மாவுக்கு. அவங்களால அதுக்கு வரி கட்ட முடியல, கிறிஸ்டீஸ்ல ஏலம் விட்டாங்க, 6,40,000 டாலருக்கு மேல போச்சு. 2000ல 12 லட்சத்த தாண்டிச்சு, 2007ல ஒரே வருஷத்துல முதல்ல 23.5 லட்சம், அப்புறம் 28 லட்சம். கடைசியா வாங்கினது அரிசோனா டைமண்ட்பேக்ஸ் டீம் ஓனர் கென் கென்ட்ரிக்.

கணக்கு பாருங்க, இத்தனை பேர் கை மாறியும் ஊர் உலகம் அதை இன்னிக்கும் "கிரெட்ஸ்கி வாக்னர்"னுதான் சொல்லுது. நாலு வருஷம் வெச்சிருந்தவர் பேரு ஒட்டிக்கிச்சு. ஆட்டக்காரன் வாங்கினா அந்த கார்டுக்கு என்ன ஆகுதுங்கறதுக்கு இதுக்கு மேல உதாரணம் வேணாம்.

சுகன்யா_ஆஸ்டின்:

பேப்பர் அண்ணா சூப்பர் ஃப்ளோ, ஆனா நரேன் கேட்டது ஆசையா முதலீடான்னு. கிரெட்ஸ்கி அதுக்கு சரியான ஆள் இல்ல, கூட்டாளி கூப்பிட்டாருன்னு கூட சேந்தவர் அவர். கார்டு வெறியன்னு ஒருத்தரை காட்டணும்னா நான் டிமிட்ரி யங்கைத்தான் காட்டுவேன்.

கார்டினல்ஸ், ரெட்ஸ், டைகர்ஸ், நேஷனல்ஸ்னு ஆடினவர், நல்ல உடம்பு, நல்ல பேட், ரெண்டு தடவை ஆல் ஸ்டார் (வருஷா வருஷம் சிறந்த ஆட்டக்காரங்கள பொறுக்கி எடுத்து ஆட வெக்கிற மேட்ச்). 2007ல நேஷனல்ஸ்ல வந்து கம்பேக் ப்ளேயர் விருது வாங்கினார், அதுக்கு முந்தின வருஷம் மனுஷன் வாழ்க்கையே தலைகீழா கிடந்துச்சு. இவர் சேத்தது ரூக்கி கார்டு, அதாவது ஒரு ஆட்டக்காரருக்கு முதமுதல்ல வந்த கார்டு, அதுவும் கண்டதையும் இல்ல, பிஎஸ்ஏ 10 கிரேடு மட்டும். 9 இருந்தா வேணாம்னு தள்ளிடுவார்.

பழக்கம் இல்லாதவங்களுக்காக சொல்றேன், பிஎஸ்ஏங்கறது 1991ல ஆரம்பிச்ச கிரேடிங் கம்பெனி. கார்டை அனுப்பினா நாலு மூலை, ஓரம், மேல்பரப்பு, படம் நடுவுல உக்காந்திருக்கா எல்லாம் பாத்து 1ல இருந்து 10க்குள்ள மார்க் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள வெச்சு சீல் அடிச்சு நம்பர் போட்டு திருப்பி அனுப்புவாங்க, அதுக்குப் பேர்தான் ஸ்லாப். புது கார்டுல 10 வாங்குறது பெரிய விஷயம் இல்ல. 1950கள்ல வந்த கார்டுல 10 வாங்குறது குதிரைக் கொம்பு. அந்தக் காலத்து பசங்க கார்டை ரப்பர் பேண்டு போட்டு கட்டுவானுங்க, சைக்கிள் ஸ்போக்ஸ்ல சொருகி படபடன்னு சத்தம் வர வெப்பானுங்க, செவுத்துல சாச்சு வெச்சு எறிஞ்சு விளையாடுவானுங்க. கையே படாம தப்பிச்ச கார்டுன்னாலும் கட்டிங் மெஷின் லேசா தள்ளி வெட்டியிருந்தா ஒருபக்க வெள்ளை ஓரம் தடியா இன்னொரு பக்கம் கோடு மாதிரி இருக்கும், அவ்ளோதான், 10 கிடையாது.

இவர் கிட்ட அந்த மாதிரி 10ஆவே 500க்கு மேல இருந்துச்சு. அதுல கிரீடம் எதுன்னா ரொபர்டோ க்ளெமென்டேயோட 1955 டாப்ஸ். படுக்கை வாட்டுல அடிச்ச கார்டு, ஒரு பக்கம் பெரிய முகம், பக்கத்துல சின்னதா முழு உருவம். க்ளெமென்டே யாருன்னு தெரியாதவங்களுக்கு, போர்ட்டோ ரிக்கோக்காரர், பைரேட்ஸ் ரைட் ஃபீல்டர், சரியா 3000 ஹிட்ல (பந்த அடிச்சு பத்திரமா பேஸ் சேந்த அடி) நின்னவர், 1972 டிசம்பர் 31 அன்னிக்கு நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் ஏத்திட்டு போன விமானம் கடல்ல விழுந்து செத்தார். அவரோட ரூக்கி கார்டு 10 கிரேடுல அது ஒண்ணுதான் இருந்துச்சு.

2012ல எல்லாத்தையும் எஸ்சிபி ஏலக் கம்பெனி மூலமா வித்துட்டார், மொத்தம் 20 லட்சம் டாலரை தாண்டிச்சு, க்ளெமென்டே மட்டும் 4,32,690. முதலீடுன்னு சொல்றவங்க தாராளமா சொல்லலாம். ஆனா மேஜர் லீக்ல ஆடிட்டே ஏலக் கேட்டலாக்க பொரட்டிட்டு, இந்த வருஷத்து இந்த கார்டு 10ல எங்க இருக்குன்னு தேடித் தேடி 500 சேக்குறவன் லாபக் கணக்கு மட்டும் போட்டான்னு என்னால நம்ப முடியாது. லாபத்துக்குன்னா ஷேரோ வீடோ வாங்கிட்டு தூங்கியிருக்கலாம்.

கல்லிபாயிண்ட்:

ஆசையாம் ஆசை. 😂 சுகன்யா மேடம் ரொம்ப நல்லவங்க. கடைசியில வித்தாரா இல்லையா? வித்தாரு. அப்புறம் என்ன.

நரேன் சொன்ன சூப்பர் பவுல் ஆளு ஈவன் மாத்திஸ். டென்வர் ப்ராங்கோஸ்ல லெஃப்ட் கார்ட் (guard, எதிராளிய தடுக்குறவர், நம்ம அட்டை கார்டு இல்ல), 2016 பிப்ரவரியில சூப்பர் பவுல் 50 ஜெயிச்ச டீம். 2018 ஏப்ரல்ல ஹெரிட்டேஜ் ஏலத்துல 1952 மேன்டில் பிஎஸ்ஏ 9 ஒண்ணு 28.8 லட்சம் டாலருக்கு போச்சு, வித்தது இவருதான். அந்த கார்டுக்கு 9 கிரேடுல மொத்தமே ஆறுதான், 10ல மூணு. எதுக்கு வித்தாரு? வீடு வாங்க. வேலை செஞ்ச அட்டை, அவ்ளோதான் மேட்டர். என்ன ஒரு வருத்தம்னா மூணு வருஷம் கூட முழுசா ஆகல, 2021 ஜனவரியில அதே 9 கிரேடு மேன்டில் ஒண்ணு 52 லட்சத்துக்கு போச்சு. வீட்டு விலை அவ்ளோ ஏறியிருக்குமா அவருக்கு? டவுட்டுதான்.

வரி கேட்டீங்களே. கலெக்டிபிள்ஸ்னா, அதாவது இந்த மாதிரி சேத்து வெக்கிற பொருள்னா, அமெரிக்காவுல நீண்டகால லாபத்துக்கு 28 சதவீதம் வரைக்கும் போடுவாங்க, ஷேருக்கு அதிகபட்சமே 20தான். முன்னாடி ஒரு ஓட்டை இருந்துச்சு, ஒரு கார்டை வித்து அந்த காசுல இன்னொண்ணு வாங்கினா வரிய தள்ளிப் போடலாம்னு, 2018ல இருந்து அது நிலம் வீட்டுக்கு மட்டும்னு மாத்திட்டாங்க. ஆக வரிய மிச்சம் புடிக்க எவனும் கார்டு வாங்கல. விலை ஏறுதுன்னு வாங்குறான், தட்ஸ் ஆல்.

நரேன்_எடிசன்:

செம தகவல் எல்லாருக்கும் நன்றி. பேப்பர் அண்ணே ஒரு உப கேள்வி. அந்த கிரெட்ஸ்கி கார்டு ஃப்ராடுன்னு வேற எங்கயோ படிச்ச ஞாபகம், கத்தரி போட்டதுன்னு. அது உண்மைன்னா எப்படி 28 லட்சம்?

பழையபேப்பர்:

ஃப்ராடு கார்டு இல்ல, அசல் வாக்னர்தான். ஆனா ஓரம் வெட்டினது. அத நான் முதல் பதிவுலயே எழுதாம விட்டது, நீங்க கேப்பீங்கன்னுதான் 😄

மாஸ்ட்ரோன்னு சொன்னேன்ல, அவர் பின்னாடி பெரிய ஏலக் கம்பெனி நடத்தினார், பொய் பெயர்ல தானே விலை ஏத்தினதுக்காக வழக்குல மாட்டினார். 2013ல கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டப்ப கூடவே இதையும் சொல்லிட்டார், அந்த வாக்னர் கார்டோட ரெண்டு பக்க ஓரத்தையும் நான்தான் வெட்டினேன்னு. 2015ல 20 மாசம் ஜெயில்.

ஏன் வெட்டணும்னு கேட்டா, நூறு வருஷப் பழைய அட்டையோட ஓரம் பிஞ்சு மழுங்கி இருக்கும், கொஞ்சம் பெருசா வெட்டப்பட்ட கார்டா இருந்தா அந்த மழுங்கலை சீவி விட்டா புது மூலை கிடைச்சிடும். கிரேடிங் விதிப்படி அப்படி சீவினதுக்கு நம்பரே போடக்கூடாது. ஆனா அதுக்கு பிஎஸ்ஏ குடுத்தது 8, அதுவும் அவங்க கிரேடு பண்ணின முதல் கார்டே அதுதான், சர்டிஃபிகேட் நம்பர்ல ஏழு சைபரும் ஒரு 1ம். கார்டு உலகத்துல ஓரம் வெட்டுறதுதான் பெரும்பாவம், அந்தப் பாவம் பண்ணின கார்டுதான் கம்பெனியோட நம்பர் ஒண்ணு, இத நெனச்சு நெனச்சு நான் சிரிச்சிருக்கேன்.

விலைக்கு வருவோம். வெட்டினதுங்கற பேச்சு ரொம்ப காலமாவே ஓடிட்டு இருந்துச்சு, வாங்கினவங்க காதுல விழாம இல்ல. தெரிஞ்சேதான் வாங்கினாங்க. ஏன்னா அவங்க வாங்குறது அட்டையோட மூலைய இல்ல, அது வந்த வழிய. கிரெட்ஸ்கி வெச்சிருந்தது, மெக்னால் ஜெயிலுக்குப் போனது, தபால்கார அம்மாவுக்கு குலுக்கல்ல விழுந்தது, இந்த மொத்தக் கதையும் அந்த பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கு. நாளைக்கு ஏலத்துக்கு வந்தா மாஸ்ட்ரோவோட கத்தரியும் அந்தக் கதையில ஒரு அத்தியாயம்னு சேந்துக்கும். வெட்டாத, ஆனா தேஞ்சுபோன வாக்னர் எல்லாம் இப்ப இத விட மேல போயிடுச்சு, 3 கிரேடு ஒண்ணு 2021ல 66 லட்சம், அடுத்த வருஷம் வெறும் 2 கிரேடு 72.5 லட்சம்.

அதனால கல்லி தம்பிக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், விலை ஏறுதுன்னு வாங்குறான்ங்கறது சரி, ஆனா ஏன் ஏறுதுன்னு ஒரு கேள்வி இருக்குல்ல. பெரிய ஆட்டக்காரன் கை பட்டதும் ஏறுது. கிரெட்ஸ்கி வாங்கின அன்னிக்குத்தான் செய்தித்தாள்ல பேஸ்பால் கார்டு கலைப்பொருள் பக்கத்துக்கு போச்சு.

கல்லிபாயிண்ட்:

அண்ணே அப்ப நான் சொன்னதத்தான் நீங்களும் சுத்தி வளச்சு சொல்றீங்க. பேருக்குக் காசு. 🤝

ஸ்லாப்_சித்தப்பா:

லேட்டா வந்துட்டேன், ஆனா முக்கியமான ஒரு ஆள் பேரு இன்னும் வரல, பேட் நெஷெக்.

ரிலீஃப் பிட்சர், அதாவது ஆட்டத்து நடுவுல மாத்தா இறங்கி பந்து போடுறவர், பக்கவாட்டுல கைய சுத்தி விசித்திரமா போடுவார், 2014, 2017 ரெண்டு தடவை ஆல் ஸ்டார். இவர் மில்லியன் டாலர் வேட்டை ஆடல. இவர் பைத்தியம் ஆட்டோகிராஃப். பழைய டாப்ஸ் செட் ஒண்ண எடுத்துக்கிட்டு, உதாரணத்துக்கு 1970 செட், அதுல இருக்குற ஒவ்வொரு கார்டுலயும் அந்தந்த ஆட்டக்காரர்கிட்டயே கையெழுத்து வாங்கி முழு செட்டையும் நிரப்பணும். 700 கார்டுக்கு மேல வரும். அதுல பாதி பேர் பெரிய பேர் எடுத்தவங்க கிடையாது, ரெண்டு சீசன் ஆடிட்டு இன்ஷூரன்ஸ் விக்கப் போனவங்க, சில பேர் கையெழுத்து கேக்குறதுக்கு முன்னாடியே செத்துப் போனவங்க, அவங்க கையெழுத்து போட்ட கார்டு எவன் கிட்டயாவது இருக்கான்னு தேடணும். ஸ்டாம்ப் ஒட்டி, பதில் கவரும் வெச்சு தபால்ல அனுப்பி காத்துட்டு இருக்குற வேலை. மேஜர் லீக் பிட்சர் ஒருத்தர் ரிட்டயர்ட் ஆன தாத்தாவுக்கு சார் கொஞ்சம் கையெழுத்து போட்டுத் தாங்கன்னு லெட்டர் எழுதுறார், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தன் ஆட்டோகிராஃப் கேக்குற ரசிகர்களோடயும் கார்டு மாத்திக்குவார்.

ஆட்டக்காரனா இருக்குறதுல இவருக்கு ஒரு வசதி, எதிர் டீம் ஆளுங்ககிட்ட நேரா போய் கேக்கலாம். எல்லா நேரமும் பலிக்காது. 2017ல ஸாக் க்ரெய்ன்கி தன் கார்டுல கையெழுத்து போட மாட்டேன்னுட்டாருன்னு வெளிப்படையாவே புலம்பினார், அது பெரிய செய்தியாச்சு. ரெண்டு பேருமே மேஜர் லீக் பிட்சருங்க, சண்டை கையெழுத்துக்கு! கல்லி, இதுல எங்கடா முதலீடு?

அடுத்தது நரேன் கேட்டதுல ஒரு வரி எனக்கு உறுத்துது, "தன் மூஞ்சியே கார்டுல வருது"ன்னு. அந்த மூஞ்சிக்கு அந்தக் காலத்துல என்ன குடுத்தாங்கன்னு தெரியுமா? டாப்ஸ்ல சை பெர்கர்னு ஒருத்தர், 1952 செட்ட வடிவமைச்சவரே அவருதான். மைனர் லீக்ல திரியுற பொடிப்பசங்கள புடிச்சு 5 டாலர் குடுத்து கையெழுத்து வாங்கிடுவாங்க, ஒரு வேளை கறி சாப்பாட்டுக்கு ஆகும்னு அதை ஸ்டேக் காசுன்னே சொல்வாங்க. மேஜர் லீக் வந்ததும் வருஷத்துக்கு 125 டாலர், காசா வேணாம்னா ஒரு கேட்டலாக் குடுப்பாங்க, அதுல பாத்து டிவியோ வேற வீட்டுச் சாமானோ எடுத்துக்கலாம். எவ்ளோ கோடி கார்டு வித்தாலும் அவ்ளோதான். 1966ல மார்வின் மில்லர் ஆட்டக்காரர் சங்கத்துக்கு தலைவரா வந்து, டாப்ஸோட புது காண்ட்ராக்ட் போடாதீங்கடான்னு பசங்கள நிறுத்தி வெச்சு, 1968ல 125ஐ 250 ஆக்கி, வித்ததுல 8 சதவீதமும் வாங்கிக் குடுத்தார், 40 லட்சம் டாலருக்கு மேல வித்தா 10.

மேன்டில் கார்டு கதைக்கும் இதே பெர்கர்தான் காரணம். 1952ல கடைசி வரிசை கார்டுங்க லேட்டா கடைக்கு வந்துச்சு, பேஸ்பால் சீசனே முடியுற நேரம், எவனும் வாங்கல. வருஷக்கணக்கா கிடங்குல தூங்கி, இனாமா குடுத்தாலும் எடுக்க ஆளில்லாம, 1960ல பெட்டி பெட்டியா குப்பைப் படகுல ஏத்தி நியூஜெர்சி பக்கம் அட்லாண்டிக்ல கொட்டிட்டதா அவரே சொன்னது. நரேன், உங்க எடிசன்ல இருந்து வண்டி எடுத்தா கடல் ஒரு மணி நேரம் 😀 இன்னொரு கூத்து, அந்த வரிசையில மேன்டில் கார்டு ஷீட்டுக்கு ரெண்டு அடிச்சது, அதாவது கூட வந்த மத்த பல கார்டை விட மேன்டில்தான் அதிகம். அவரோட ரூக்கி கார்டும் இது இல்ல, அது 1951ல பவ்மன்ங்கற வேற கம்பெனி போட்டது. அபூர்வம்ங்கறதுக்காக விலைன்னு சொல்றவங்க கொஞ்சம் யோசிக்கணும்.

சுகன்யா_ஆஸ்டின்:

சித்தப்பா அந்த 125 டாலர் விவரம் செம. இப்ப இருக்குற ஆட்டக்காரங்க பழைய கார்டு வாங்குறதுல இதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. அவங்க சின்னப் பசங்களா இருந்தப்ப இந்த கார்டை பாத்து வளந்தவங்க, க்ளெமென்டே, ஆரன், மேன்டில்னா அவங்களுக்கு வெறும் படம் இல்ல, வேலையில சீனியர். ஒரு ஹிட் அடிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு தெரிஞ்சவனுக்குத்தான் 3000ங்கற நம்பரோட கனம் தெரியும். யங் சேத்தது ரூக்கி கார்டா இருந்தது சும்மா இல்ல, அவரும் ஒரு காலத்துல அந்த வயசுப் பையனா கார்டுல நின்னவர்தானே.

கல்லிபாயிண்ட்:

சரி நெஷெக்க விட்டுடறேன், அவர் கணக்குல வரமாட்டார். மத்தபடி என் ஓட்டு மாறல. ஆசைப்பட்டுத்தான் வாங்குறான்னே வெச்சுக்குவோம், ஆனா ஆட்டக்காரன் வாழ்க்கை பத்து வருஷம், முழங்கால் போச்சுன்னா சம்பளம் போச்சு. நாளைக்கு விக்க முடியும்ங்கற தைரியம் இல்லாம ஒரு அட்டையில லட்சக்கணக்கா போட மாட்டான். நம்ம ஊர்ல நகை வாங்குற மாதிரிதான், போட்டுக்கவும் ஆச்சு, அவசரத்துக்கு அடகு வெக்கவும் ஆச்சு.

நரேன்_எடிசன்:

இது நல்லா இருக்கு, புரியுது. கடைசியா ஒண்ணு, இதெல்லாம் படிச்சதுல எனக்கே ஒரு டி206 கையில வெச்சுப் பாக்கணும்னு அரிக்குது. வாக்னர் இல்லீங்க, கிட்னி ரெண்டையும் வித்தாலும் முடியாது. சாதாரண ஆட்டக்காரர் கார்டு நம்ம பட்ஜெட்டுக்கு வருமா?

பழையபேப்பர்:

தாராளமா வரும். டி206ல பிரபலம் இல்லாத ஆட்டக்காரர், மூலை உருண்டு போய் நடுவுல மடிப்பு விழுந்த 1 கிரேடுன்னா 100 டாலருக்குள்ளயே கிடைக்கும். நூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ சிகரெட் பாக்கெட்ல இருந்து எடுத்த அதே அட்டைதான். பின்பக்கம் திருப்பிப் பாருங்க, பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல்னு சிகரெட் விளம்பரம் இருக்கும், அதுல எந்த பிராண்டுங்கறத பொறுத்தும் விலை மாறும், இந்த ரெண்டும்தான் அதிகம் கிடைக்கிறது, அதனால மலிவு.

ஸ்லாப் போடாத கார்டை மட்டும் முதல் தடவையே வாங்காதீங்க. மறுஅச்சு ஏகப்பட்டது சுத்துது, புதுசா அடிச்சு டீத்தண்ணில ஊற வெச்சு பழசாக்கினது கூட பாத்திருக்கேன். ஸ்லாப்ல இருக்குற நம்பரை கிரேடிங் கம்பெனி சைட்ல போட்டா என்ன கார்டு, என்ன கிரேடுன்னு வந்துடும், கையில இருக்குறதோட ஒத்துப் பாத்துக்கோங்க. கூட்டோட ஓரத்துல உடைச்சு ஒட்டின தடம் இருக்கான்னு விளக்கு வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க.

ஸ்லாப்_சித்தப்பா:

ஓரமும் பாருங்க நரேன். மேல கீழ, இடம் வலம் நாலும் நேர்கோடா இருந்து ஒரு பக்கம் மட்டும் மத்தத விட பளிச்சுன்னு புதுசா தெரிஞ்சா கைய எடுத்துடுங்க. மழுங்கின கார்டா இருந்தா நல்லது, அதை எவனும் வெட்ட மெனக்கெட்டிருக்க மாட்டான்.